எம்ஆர்சிபி ஸ்கேனுக்கு வெறும் வயிறு: போய் வந்தவர்கள் சொல்வது

தண்டையார்பேட்டைப் பொண்ணு:
அம்மாவுக்குக் கண் மஞ்சளாகி, ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) ஏறியிருந்தது. அல்ட்ராசவுண்டில் பித்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்தது, ஆனால் குடல் வாயு மறைத்ததால் குழாயின் கடைசிப் பகுதி தெரியவில்லை. அதனால் எம்ஆர்சிபி, அதாவது காந்த மெஷினில் பித்தக்குழாயைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன், எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது: "காலைல வெறும் வயித்தோட வாங்க." அவ்வளவுதான். எத்தனை மணி நேரம், தண்ணீர் குடிக்கலாமா, சுகர் மாத்திரை என்ன ஆவது, ஒரு வார்த்தை இல்லை. நானே திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன்.

டெக்னீஷியன் நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். "இதுல தேங்கி நிக்கிற தண்ணியெல்லாம் வெள்ளையா தெரியும்மா. பித்தமும் வெள்ளை. வயித்துல காபி இருந்தா அதுவும் வெள்ளையாகி குழாயை மறைச்சிரும்." சாப்பிட்டால், அதிலும் எண்ணெய்ப் பண்டமாக இருந்தால், பித்தப்பை சுருங்கிவிடும், பட்டினியாக இருந்தால் நிறைந்து தெளிவாகத் தெரியுமாம். இதை முதல் போனிலேயே சொன்னால் யார் டீ குடிக்கப் போகிறார்கள்? எங்களுக்கு முன்னால் வந்த பெரியவர் கடையில் ஒரு பால் டீயும் பொறையும் போட்டுவிட்டு வந்திருந்தார். டீ எல்லாம் சாப்பாட்டில் சேருமா என்று சண்டை போட்டார், பாவம். சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்குச் சொன்னது ஆறு மணி நேரம். சில இடங்களில் நாலு என்கிறார்கள், உங்கள் சென்டரைக் கேளுங்கள். அம்மாவின் பிரஷர் மாத்திரையை ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொன்னார் டாக்டர். சுகர் மாத்திரையை ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போட்டால் போதும் என்றார். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். முடிந்தால் காலை முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் தாலி. அம்மா கழற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டார். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே என்றார், அது சரிதான். ஆனால் எந்த நகையும் உள்ளே போகக்கூடாது என்பது அங்கே விதி. தவிர, தாலிச் சங்கிலியில் அம்மா ஏழெட்டு ஊக்கு மாட்டி வைத்திருந்தார். அது இரும்பாச்சே! கடைசியில் அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, "இப்ப கழட்டுங்கம்மா" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். வளையல் இறுகியிருந்தால் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழற்றிவிடுங்கள்.

காசிமேடு தம்பி:
அக்கா, சாப்பாட்டை விட மூச்சுதான் எங்க அப்பாவுக்குப் பிரச்சினை. "மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க" என்று மைக்கில் சொல்வார்கள், பதினைந்து இருபது விநாடி அடக்க வேண்டும். அப்பாவுக்குக் காது மெஷின். அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது, கழற்றினால் மைக்கில் சொல்வது கேட்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டதால் வயிற்றில் பெல்ட் கட்டி, மூச்சின் போக்குக்கே படம் எடுக்கும் முறையை அதிகம் பயன்படுத்தினார்கள். அடக்க வேண்டிய நேரத்தில் ஊழியர் ஒருவர் காலைத் தொட்டுச் சைகை காட்டினார். முதல் நாள் ராத்திரி வீட்டில் கடிகாரம் பார்த்து மூச்சு அடக்கிப் பழகியது ரொம்ப உதவியது. இடுப்பு அரைஞாணில் தாயத்து இருந்தால் அதையும் கழற்றணும்.

பெரம்பூர்வாசி:
எனக்கு ஸ்கேனுக்குக் கொஞ்சம் முன்னால் அன்னாசி ஜூஸ் கொடுத்தார்கள். பட்டினி போட்டுவிட்டு ஜூஸா என்று குழம்பினேன். அன்னாசியில் உள்ள மாங்கனீசு வயிற்றில் மிச்சமிருக்கும் நீரைப் படத்தில் கறுப்பாக்கிவிடுமாம். எல்லா இடத்திலும் கொடுப்பதில்லை, நீங்களாகக் கடையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகாதீர்கள். பித்தப்பை ஆபரேஷன் செய்தவர்கள் உள்ளே கிளிப் இருக்கிறதா என்று பார்க்க டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்துப் போங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தண்டையார்பேட்டைப் பொண்ணு:
தம்பி, காது மெஷின் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இன்னொன்று. முடிந்ததும் சாப்பிடலாம் என்று இட்லி கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆனால் எம்ஆர்சிபி படம் மட்டும்தான், குழாயில் கல் இருந்தால் எடுப்பது இஆர்சிபியில், அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் சிகிச்சையில். அதையும் அன்றைக்கே செய்யும் யோசனை இருந்தால் பட்டினியைத் தொடரச் சொல்வார்கள். டப்பாவைத் திறக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.