கொறங்காட்டு மேய்ச்சல் பயிற்சி: பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

விரிவாக்கப் பணியாளர், தாராபுரம்:
வணக்கம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காடு (உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம், சுருக்கமாகக் 'காடு') வைத்திருப்பவர்களுக்கும், அவர்களிடம் பேச வேண்டிய கால்நடைத் துறைக் களப்பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்கும் சேர்த்தே ஒரு பயிற்சியைத் திட்டமிட்டு வருகிறோம். மழை தவறும் ஆண்டிலும் புல் பிழைத்திருக்கும்படி மேய்ப்பது எப்படி என்பதே அதன் நோக்கம். கையில் உள்ள வரைவு புவி வெப்பமாதல், மீத்தேன், மண்ணில் கரிமச் சேமிப்பு என்று தொடங்கி, நிலத்தைப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கும் சுழற்சி மேய்ச்சலில் முடிகிறது. தலைமுறைகளாக முள்கிளுவை வேலி போட்டு, காடு மாற்றி மேய்த்து வருபவர்களிடம் இந்த வரிசை எடுபடுமா?

கொறங்காட்டு விவசாயி, மூலனூர்:
எடுபடாது என்றே நினைக்கிறேன், ஐயா. காட்டுக்குள் தொடங்குங்கள். ஒரே வேலியின் இருபுறமும் உள்ள கொழுக்கட்டைப் புல்லின் தூர்களை வந்தவர்கள் கையால் பிடித்துப் பார்க்கட்டும். ஆறவிட்ட காட்டில் தூர் தடித்து, அடியில் பழைய தாள் மிஞ்சி, இடையே நரிப்பயறு கொடியோடியிருக்கும். ஒட்ட மேய்ந்த காட்டில் தூரின் நடு பட்டுப்போய், ஓரத்தில் மட்டும் இரண்டொரு தளிர் நிற்கும். கோடை மழைக்குப் பச்சை தெரிந்தவுடனே ஆடுகளை உள்ளே விடுவதுதான் எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய கேடு. அந்த முதல் தளிர், தூரிலும் வேரிலும் இருந்த இருப்பைச் செலவழித்து வந்தது. அதையும் கடிக்கவிட்டால் ஐப்பசி மழைக்கு எழும்பும் வலு புல்லுக்கு இராது. அந்தச் சில வாரங்களைச் சோளத்தட்டும் வெள்வேலங்காயும் கொண்டு கடத்தலாம் என்பதை, அப்படிக் கடத்துபவரின் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
இதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பிராங்க்ளின் கிரைடர் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், புல்லின் மேற்பகுதியில் 40 விழுக்காடு வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி நிற்கவில்லை. 80 விழுக்காட்டை வெட்டியபோது முழுவதும் நின்றுபோனது. ஆகவே பாதியை விட்டுவைக்க வேண்டும் என்பதைக் கணக்காகவே கற்பியுங்கள். ஒரு சதுர மீட்டர் சட்டத்தைக் காட்டின் நான்கைந்து இடங்களில் போட்டு, உள்ளே உள்ள புல்லை அறுத்துக் காயவைத்து எடை போட வேண்டும். சராசரி 100 கிராம் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 400 கிலோ. மேய்ச்சலுக்கு அதில் 200 கிலோ. 25 கிலோ எடையுள்ள மேச்சேரி இனச் செம்மறி ஆடு நாளொன்றுக்கு முக்கால் கிலோ உலர்தீவனம் தின்னும் என்று கொண்டால், இடையில் மழை பெய்து தழைக்காதவரை, 4 ஏக்கர் காடு 20 ஆடுகளுக்கு 53 நாள் தாங்கும். ஆசிரியர்கள் இதை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம்.

புல்வெளிச் சூழலியல் ஆய்வாளர்:
சுழற்சி மேய்ச்சலைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டேவிட் பிரிஸ்கேயும் அவருடைய சகாக்களும் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர் மேய்ச்சலைவிடச் சுழற்சி மேய்ச்சல் மட்டுமே கூடுதல் புல்லைத் தந்துவிடுவதாகத் தெரியவில்லை. நிலம் தாங்கும் அளவுக்குக் கால்நடைகளை வைத்திருப்பதே முதன்மையானது. வறண்ட நிலத்தில் கரிமம் மெதுவாகத்தான் சேரும், உழுதால் விரைவில் போய்விடும். மண்ணில் கரிமம் சேர்த்தால் அதற்குப் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டிவிட்டுப் பிறகு அது வராமல் போனால், நீங்கள் சொன்ன நல்லவற்றையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

விரிவாக்கப் பணியாளர், தாராபுரம்:
மிக்க நன்றி. வரிசையை மாற்றிவிடுகிறோம். ஆனால், காட்டை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து மேய்ப்பவர், அடுத்த ஆண்டு தமக்குக் கிடைக்குமா என்று தெரியாத காட்டில் பாதிப் புல்லை எதற்காக விட்டுவைப்பார்?

கொறங்காட்டு விவசாயி, மூலனூர்:
விட மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் காட்டுக்காரரையும் குத்தகைக்காரரையும் ஒரே அமர்வுக்கு அழையுங்கள். குத்தகையை மூன்று ஆண்டுக்குப் பேசுவது, கோடை மழைக்குப் பிந்தைய வாரங்களில் காட்டை அடைத்து வைப்பது, திருப்பிக் கொடுக்கும்போது அரைச் சாண் தாள் நிற்பது, அதற்கு ஈடாகக் குத்தகைப் பணத்தில் ஒரு பகுதியைக் காட்டுக்காரர் தள்ளிக் கொடுப்பது ஆகியவற்றை அங்கேயே பேசி எழுதிக்கொள்ள வழி செய்யுங்கள்.