அடிக்குப் பயந்து மறைத்த காயம்

கோத்தகிரி, கிராம சுகாதாரச் செவிலியர்

தடுப்பூசி போடும் நாளில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குப் போவேன். ஒருமுறை தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பையன் வந்தான். மூன்றாம் வகுப்புதான் இருக்கும். இடது காலை ஊன்றாமல் நின்றான். கேட்டால், முள் குத்திவிட்டது என்றான். பேன்ட்டை மடித்துப் பார்த்தேன். கெண்டைக்கால் சதையில் பல் பதிந்த தடம், சுற்றிலும் சிவந்த வீக்கம், மேலே காய்ந்துபோன மஞ்சள்தூள். மஞ்சளையும் அவனேதான் வைத்திருக்கிறான். நாய் கடித்து இரண்டு நாள் ஆகியும் வீட்டில் யாருக்கும் தெரியாது. ரோட்டுப் பக்கம் விளையாடப் போகக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். போனது தெரிந்தால் தேயிலைச் செடியிலிருந்து வெட்டிய கவ்வாத்துக் குச்சியால் முதுகில் விழும்.

நாய்க்கடி என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே முதல் ஊசி போட வேண்டும். அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களில். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. அவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்த ஆபத்து அப்பாவின் கைதான்.

உடனே ஜீப் பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது, பையன் நன்றாக இருக்கிறான். அவன் அப்பா கொடுமைக்காரர் இல்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே சாமி" என்று தேம்பித் தேம்பி அழுதார். பையன் வாயே திறக்கவில்லை. அடி பிள்ளையைத் திருத்துகிறதோ இல்லையோ, வாயை மூடிவிடுகிறது. எனக்குப் பெரிய பயம் அதுதான்.

இன்னொன்று. இந்தக் குளிரில் பிள்ளைகள் எந்நேரமும் ஸ்வெட்டரோடு இருப்பதால் அடித்த தடம் வெளியே தெரியாது. எடை பார்க்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லுங்கள், அங்கன்வாடி அக்காமார்களே.

பூம்பாறை, பூண்டு விவசாயி

அக்கா, அந்த வாய் வளர்ந்த பிறகும் திறப்பதில்லை. என் அண்ணன் திருப்பூரில் இருக்கிறான். போனை அப்பா எடுத்தால் "சாப்பிட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க", அவ்வளவுதான் பேச்சு. சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரில் பெல்ட் அடி வாங்கியவன் அவன்தான். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது முழுச் செலவும் அவன்தான் பார்த்தான், ராத்திரியெல்லாம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அறைக்குள் மட்டும் வரவில்லை. இப்போது பேரனைத் தூக்கி வைத்துக் கொஞ்ச அப்பாவுக்கு ஆசை. அண்ணன் பிள்ளையைக் கூட்டி வருவதே இல்லை.

கூடலூர், ஆசிரியை

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு எங்க வேணா அடிங்க டீச்சர்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுப் போகும் பெற்றோர் இன்றும் வருகிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். வீட்டு அடிக்கும் சேர்த்து ஸ்வீடன் 1979லேயே தடை போட்டது. நேபாளம் 2018இல் போட்டது. நம் நாட்டில் இன்னும் அந்த அளவுக்குத் தெளிவான சட்டம் இல்லை.

அடியாத மாடு படியாது என்பார்கள். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சுமார் 1,60,000 குழந்தைகள் பற்றிய 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடுதலாகவும், பெற்றோரோடு உறவு மோசமாகவும் இருந்தது தெரிந்தது. படிந்ததாகத் தெரியவில்லை.

நான் கவனித்த ஒன்று: தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்து எடை குறைந்து, மேஸ்திரியிடம் பேச்சு வாங்கிய நாளில்தான் வீட்டில் அடி அதிகம். பிள்ளை செய்த தப்பு அன்றைக்கும் அதே தப்புதான். இதை ஒரு தாயிடம் சொன்னேன். அப்படிப்பட்ட நாளில் வந்ததும் முதலில் டீ போட்டுக் குடித்துவிட்டுத்தான் பிள்ளைகளோடு பேச்சு என்று வைத்துக்கொண்டார். அடி நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது.

அடி கட்டுமீறிப் போகும் வீடுகளுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. இலவச எண், ராத்திரியும் எடுப்பார்கள். குழந்தையே கூப்பிடலாம், பக்கத்து லயனில் இருப்பவரும் கூப்பிடலாம்.