தனி ஆள் செய்த காஸ்மிக் ஹாரர் கேம்களில் உங்களை விடாத ஒரு நிமிஷம்: வடசென்னை நண்பர்கள் எழுதுங்கள்

ராயபுரம் லாஞ்ச்

அயர்ன் லங் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ரத்தக் கடல், ஜன்னலை அடைத்த நீர்மூழ்கி, உள்ளே ஒரு கைதி. 2022-ல் டேவிட் சிமான்ஸ்கி ஒரே ஆளாகச் செய்து வெளியிட்ட கேம். ஆனால் என் மனதில் நிற்பது நைனா.

அவர் காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருந்தவர். முட்டி தேய்ந்ததும் கரையிலேயே தங்கிவிட்டார். நான் கேம் ஆடினால் "சத்தத்தைக் கொறை" என்பதோடு சரி. அன்று ராத்திரி தூக்கம் வராமல் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் எக்ஸ், ஒய், கோணம் என்று மூன்று எண் ஓடுவதைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, வரைபடத்தில் குறித்திருந்த இடங்களை எழுத ஆரம்பித்தார். "தொண்ணூறுல வை. மெதுவா. இப்ப நிறுத்து." கொஞ்ச நேரத்தில் நான் திரையைப் பார்த்து ஓட்டவில்லை, அவர் குரலைக் கேட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "எத்தனை பாகம் ஆழம்? ஆழம் காட்டுற எக்கோ மெஷின் இல்லியா?" என்றுதான் கேட்டார். சுவர் கிட்ட வந்தால் பீப் அடிக்கும், பின்பக்கம் போய் பட்டனை அமுக்கினால் வெளியே இருப்பதை ஒரு படம் எடுக்கும், அவ்வளவுதான் என்றேன். "அப்ப ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல வெளிய என்னா இருக்குன்னே தெரியாதா?" என்றார். நான் தலையாட்டினேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை.

அப்புறம் அந்தப் படம் வந்தது. ஆடியவர்களுக்கு எது என்று தெரியும். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "பாறை இல்ல. மீனும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "ரிவர்ஸ் எடு" என்றார். கேமை நிறுத்தச் சொல்லவில்லை. போட்டைப் பின்னால் எடுக்கச் சொன்னார். என் தோளைப் பிடித்திருந்த கை வலிக்கிற அளவுக்கு இறுகியிருந்தது.

அவர் படுத்த பிறகு நான் முடித்தேன். காலையில் டீ குடிக்கும்போது, "அந்தப் பையன் மேல வந்துட்டானா?" என்றார். முடிவு உங்களுக்குத் தெரியும். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மணலி நைட் ஷிப்ட்

வந்துட்டான்னு சொல்லிடுங்க தல. கடலுக்குப் போனவர் கேட்கிறார்.

என்னுடையது வாய்சஸ் ஆஃப் தி வாய்ட். இன்னும் செய்து முடிக்கவில்லை, இட்ச் (itch.io) என்கிற கேம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் கன்டெய்னர் யார்டில் ராத்திரி டூட்டி. வண்டி நம்பர், சீல் நம்பர் சரிபார்த்து உள்ளே விடும் வேலை. லீவு நாளில் உட்கார்ந்து ஆடும் கேமும் ராத்திரி டூட்டிதான். சுவிட்சர்லாந்து மலையில் தனியாக ஒரு ஆய்வு நிலையம். வானத்திலிருந்து வரும் சிக்னலைப் பிடி, இறக்கு, சுத்தம் செய், டிரைவில் ஏற்று. சர்வர் படுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்ச் சரிசெய். நிறையப் பேருக்கு இது சலிப்பு. எனக்கு அந்த வேலைதான் பிடித்தது.

ஒருநாள் தூரத்து டிஷ் ஒன்று படுத்துவிட்டது. போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்பும் வழியில் மேட்டில் வண்டியை நிறுத்தினேன். கீழே நிலையத்தில் ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்தது. நான் அணைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். யார்டில் பழகிய பழக்கம், எங்கே போனாலும் சுவிட்சைப் பார்க்காமல் போகமாட்டேன். அந்த மேட்டிலேயே நின்றேன். ஆனால் உள்ளே சிக்னல் பாதி இறங்கிக்கொண்டிருக்கிறது, அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். வேலை பாதியில் கிடக்கிறதே என்கிற நினைப்புதான் என்னை உள்ளே தள்ளியது. போனேன். யாருமில்லை. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

அதிலிருந்து யார்டில் காலி கேபினில் லைட் எரிந்தால் நான் தனியாகப் போவதில்லை. கூட ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

பழைய வண்ணை

மணலி ப்ரோ, கேம் அதைச் செய்ததா, நீங்களே செய்துகொண்டதா என்று முதலில் பிரிக்க வேண்டும். தனி ஆள் கேம்களில் பாதி பயம் ஆடுகிறவர் போட்டுக்கொள்வது. காரணம் சாதாரணமானது. ஒரு ஜந்துவைக் காட்ட வேண்டுமென்றால் மாடல் செய்ய வேண்டும், அது அசைவதற்கு உள்ளே எலும்புக்கூடு பூட்ட வேண்டும், நடக்கவைக்க வேண்டும், நம்மைத் தேடவைக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஆள். அதனால் ஜன்னலை அடைக்கிறார்கள், பனியைப் போடுகிறார்கள், இருட்டாக்குகிறார்கள். அயர்ன் லங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு சின்ன அறை, கொஞ்சம் அசையாத படங்கள், மிச்சமெல்லாம் சத்தம். கடல் என்று ஒன்றைச் செய்யவே வேண்டியிருக்கவில்லை. வேர்ல்ட் ஆஃப் ஹாரர் கேம் போலந்தில் ஒரு பல் டாக்டர் எம்எஸ் பெயிண்டில் வரைந்தது. கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள், அது நன்றாக வந்தது. இதற்கு மேல் இதில் மர்மம் வேண்டாம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மைக் கிளுப்னிகா இலவசமாக விட்ட அன்சார்ட்டட் ஹாரர் தொகுப்பில், சுவரைத் துளைக்க மெஷின் பூட்டுவோமே, அது. மெஷின் நின்றதும் துளையில் கண் வைக்க என்னால் உடனே முடியவில்லை. அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பார்த்தேன்.

தங்கசாலை

வண்ணை அண்ணா, வசதியில்லாததால் மறைத்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அனாட்டமி ஆடியிருக்கிறீர்களா? கிட்டி ஹாரர்ஷோ, 2016. அதில் மறைக்க எதுவுமே இல்லை. ஒரு காலி வீடு. அறை அறையாகப் போய் கேசட் தேடி, கொண்டுவந்து போட்டுக் கேட்க வேண்டும். வீட்டின் ஒவ்வொரு பாகத்தையும் உடம்பின் பாகமாகச் சொல்லிக்கொண்டே போகும் ஒரு குரல். ஆயிரம் பேர் வேலை செய்திருந்தாலும் அந்த வீட்டுக்குள் வேறு எதையும் வைத்திருக்கக் கூடாது. வீடேதான் அது.

எங்கள் வீடு பழைய நீள வீடு. அறைக்குப் பின்னால் அறை, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. கேம் திடீரென்று தானே மூடிக்கொண்டது. டெஸ்க்டாப் வந்து நின்றது. மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி திறந்தேன். அதே வீடு, ஆனால் சரியில்லை. குரல் இழுத்தது. மறுபடி மூடிக்கொண்டது. இப்போது புரிந்துவிட்டது, கேமே அப்படித்தான், திரும்பத் திரும்பத் திறந்தால்தான் மேற்கொண்டு போகும். அம்மா உள் அறையில் தூங்குகிறார். நான் மவுஸில் கைவைத்தபடி அந்த ஐகானையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கதவைத் திறந்து உள்ளே போகப்போவது நான். அந்த ஒரு கிளிக்கின் பயம் வேறு எந்தக் கேமிலும் எனக்கு வந்ததில்லை.

எண்ணூர்க் காற்று

த்ரெஷோல்ட் யாரும் எழுதவில்லையா? ஜூலியன் எவேயே, 2024. மலை உச்சியில் அரசாங்க வேலை. பக்கத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டே இருக்கும், முடிவே கிடையாது. அது வேகம் குறைந்தால் நாம் விசில் ஊத வேண்டும். அங்கே காற்று குறைவு, ஊதினால் மூச்சு போய்விடும். காற்றுக் குப்பியை வாயில் வைத்துக் கடித்தால்தான் அடுத்த மூச்சு. ஆரம்பத்தில் எந்த நாடு என்று கேட்கும். எவ்வளவு கஷ்டப்படப்போகிறோம் என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

2023 டிசம்பர் 26 ராத்திரி எங்கள் பக்கம் கடலுக்கு அடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது நினைவிருக்கும். நடுராத்திரி. கண் எரிந்துதான் எழுந்தோம். அம்மா ஈரத் துண்டை என் முகத்தில் அழுத்திப் பிடித்தபடியே தெருவில் இழுத்துக்கொண்டு போனார். துண்டுக்குள் மூச்சு இழுக்கவும் பயம், இழுக்காமல் இருக்கவும் முடியாது. ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எண்ணி எடுத்தேன்.

த்ரெஷோல்டில் முதல் முறை குப்பியைக் கடித்தபோது பல்லில் அந்தச் சத்தம் கேட்டது. நிஜத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு குப்பிதான் மிச்சம். ரயில் மெதுவாகிறது. விசில் ஊதவா, மூச்சை வைத்துக்கொள்ளவா? ஊதினேன். ரயில் வேகமெடுத்துப் போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் காற்று மிச்சமில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன்.

பழைய வண்ணை

சகோ, நீங்கள் பட்டது பெரிய கஷ்டம், அதில் பேச்சே இல்லை. ஆனால் த்ரெஷோல்டைக் காஸ்மிக் ஹாரர் என்று சொல்ல முடியாது. அது வேலையையும் அதிகாரத்தையும் பற்றிய கேம். காஸ்மிக் என்றால் மனித அறிவுக்கு அடங்காத ஒன்று, நம்மை வெறுக்கக்கூடச் செய்யாமல், கணக்கிலேயே எடுக்காத ஒன்று இருக்க வேண்டும்.

தங்கசாலை சொன்ன அனாட்டமியும் அந்த வகை இல்லை. ஆனால் வசதி பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. யோசிக்கிறேன்.

எண்ணூர்க் காற்று

கணக்கிலேயே எடுக்காத ஒன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. அந்த ரயிலைத்தான் நானும் சொல்கிறேன்.

பெரம்பூர் லோகோ

மூச்சு பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நெய்சன்ஸ் என்று 2014-ல் வந்த கேம், இப்போது ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் இலவசம். ஓடும்போது மூச்சுவிட நாமே தாளம் தப்பாமல் கிளிக் செய்துகொண்டிருக்க வேண்டும். அடி தெரியாத ஒரு பள்ளத்தின் ஓரம், ஒரு சின்னப் பலகை. ஓடிக்கொண்டே கீழே பார்த்தேன், தாளம் தப்பியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் என் கதை.

சொல்ல வந்தது வேறு. இந்தக் கேம்களை ஆடப்போகிற தம்பி தங்கைகள் இதைக் கவனியுங்கள். ஒன்று, ஹெட்போன் கட்டாயம், விலை குறைந்ததே போதும். கேம் இருட்டாக இருக்கிறது என்று பிரைட்னஸை ஏற்றினால் செய்தவர் வைத்த இருட்டு போய்விடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, கண் பழக ஐந்து நிமிஷம் கொடுங்கள். தலை சுற்றினால் செட்டிங்ஸில் நடக்கும்போது கேமரா ஆடுவதை நிறுத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள், பார்வைக் கோணத்தைக் கூட்டிப் பாருங்கள். கரண்ட் போகிற ஏரியாவென்றால் லேப்டாப்பை முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பழைய லேப்டாப் என்று தயங்க வேண்டாம். பழைய பிளேஸ்டேஷன் தோரணையில், கரடுமுரடான உருவங்களோடு செய்யும் நிறையக் கேம்கள் கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும். ரிச்சி தெருவில் பழசு வாங்குவதாக இருந்தால் ரேம் 8 ஜிபி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

முக்கியமானது ரீஃபண்ட். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். அது நமக்கு நல்லது. ஆனால் தனி ஆள் செய்யும் கேம்களில் பல அந்த 2 மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அயர்ன் லங் சுமார் ஒரு மணி நேரம். கடைசிவரை ஆடி, நடுங்கி, அப்புறம் காசைத் திருப்பிக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். நம் பணத்தில் அது ஒரு பிரியாணி. அந்த மனுஷனுக்கு அதுதான் அடுத்த கேமுக்கான மாதச் செலவு. பிடித்திருந்தால் நாலு வரி விமர்சனம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். இட்சிலும் அதே கேம் இருந்தால் அங்கே வாங்குங்கள்: தளத்துக்கு எவ்வளவு பங்கு போக வேண்டும் என்பதைச் செய்தவரே தீர்மானிக்கலாம். ஸ்டீமில் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, ஆஸ்துமா இருப்பவர்கள் த்ரெஷோல்டையும் நெய்சன்ஸையும் தனியாக ஆட வேண்டாம். எண்ணூர் சகோ, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எண்ணூர்க் காற்று

நான் முடித்துவிட்டேன் அண்ணா. இரண்டாவது முறை வேறு நாட்டைச் சொல்லி ஆடிக்கொண்டிருக்கிறேன்.

வியாசை

ரீஃபண்ட் பற்றி லோகோ அண்ணா சொன்னது சரி. என்னுடையது லாஸ்ட் இன் விவோ, இதுவும் காஸ்மிக் இல்லை என்று வண்ணை அண்ணா சொல்வார், பரவாயில்லை. மழையில் நம் நாய் உடைந்த கால்வாய்க்குள் அடித்துக்கொண்டு போய்விடும், அதைத் தேடிச் சாக்கடைக்குள் இறங்க வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நிற்கிற பக்கம் வளர்ந்தவனுக்கு அந்த முதல் காட்சியே போதும். எங்கள் தெருவில் மழை வந்தால் சாக்கடை மூடி எது, ரோடு எது என்று தெரியாது. குச்சியால் தட்டித் தட்டித்தான் நடப்போம். கேமில் குனிந்து ஊர்ந்து போகும் இடத்தில் என் கால் தானாக மேசைக்கு அடியில் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. முன்னால் எங்கேயோ நாய் குரைத்தது. வழி இன்னும் குறுகியது. திரும்பிப் பார்க்கக்கூட இடமில்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

யாராவது முடித்திருந்தால் சொல்லுங்கள், நாய் கிடைக்குமா? ஸ்பாய்லர் ஆனாலும் பரவாயில்லை.

பழைய வண்ணை

முடித்திருக்கிறேன். சொல்லமாட்டேன். ஒன்றுக்கு மேல் முடிவு இருக்கிறது, அவ்வளவுதான். நிறுத்திய இடத்திலிருந்தே போங்க தம்பி, அந்தக் குறுகல் சீக்கிரம் முடிந்துவிடும்.