பின் ஆக்சில் உறுமல்: சக்கர பேரிங்கா, டிஃபரன்ஷியல் பேரிங்கா? வீட்டிலேயே மாற்றலாமா?

மண்சாலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது பின் சக்கரங்களால் இயங்கும் பழைய வண்டி. பின் ஆக்சில் ஒரே குழாயாக, நடுவில் டிஃபரன்ஷியலுடன் (எஞ்சினின் சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) அமைந்தது. சில வாரங்களாக 40 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஓர் உறுமல் எழுகிறது. வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறி, 70-ஐ நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழுவதில்லை. கிளட்சை மிதித்தாலும் நியூட்ரலில் உருள விட்டாலும் சத்தம் மாறாததால் எஞ்சின் காரணமில்லை என்று நினைக்கிறேன். டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் பார்த்தேன். சத்தம் இடம் மாறவில்லை. பினியன் (டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் சிறிய பல்சக்கரம்) சீல் இருக்கும் இடத்தில் எண்ணெய்க் கசிவும் தெரிகிறது.

எந்த பேரிங் என்பதைக் கழற்றும் முன்பே எப்படித் தீர்மானிப்பது? என்னிடம் நல்ல ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச், சாதாரணக் கருவிகள் உள்ளன, பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் இல்லை. இந்த வேலையை வீட்டில் செய்வது சரியா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உருளி

வணக்கம் நண்பரே. நியூட்ரல் சோதனை எஞ்சினையும் கிளட்சையும் விலக்குமே தவிர டிஃபரன்ஷியலை விலக்காது. வண்டி உருளும் வரை சக்கரங்கள் ஆக்சிலைச் சுழற்றுகின்றன, ஆக்சில் கிரவுன் வீலையும் (பினியனோடு பொருந்தும் பெரிய பல்சக்கரம்), கிரவுன் வீல் பினியனையும் சுழற்றுகின்றன. ஆகவே உள்ளே இருக்கும் எல்லா பேரிங்கும் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் சுருதியைக் கவனியுங்கள். டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் உருள்கிறது, ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 4.1 என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 475 சுற்றும் பினியன் 1,950 சுற்றும் சுற்றுகின்றன. எனவே பினியன் பேரிங் தேய்ந்தால் சத்தம் உச்ச சுருதியில் இரைச்சலாக வரும். சக்கர பேரிங்கும், கிரவுன் வீலைத் தாங்கும் பக்கவாட்டு பேரிங்குகளும் சக்கரத்தின் வேகத்திலேயே சுற்றுவதால் அவற்றின் சத்தம் தாழ்ந்த உறுமலாக இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய வளைவுகள் உதவும். ஆளரவமற்ற அகன்ற சாலையில், மிதமான வேகத்தில் வண்டியை மெதுவாக இடமும் வலமும் சாய்த்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச் சக்கரங்களின் மீது சாய்வதால், அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க சக்கர பேரிங்தான். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பேரிங்குகள் வளைவுகளுக்கு அவ்வளவாக மசிவதில்லை. பற்களின் தேய்மானமோ, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சத்தம் மாறுவதால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் ஆக்சிலை இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்; மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆக்சில் உள்ளே வெளியே சிறிது நகர்வது சில அமைப்புகளில் இயல்பானது, அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

பினியனைச் சோதிப்பது இன்னும் தெளிவானது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, அது பூட்டப்பட்டிருந்த பினியன் ஃபிளாஞ்சை இரு கைகளாலும் பற்றி மேலும் கீழும், உள்ளும் புறமும் அசைத்துப் பாருங்கள். அங்கே இருப்பவை முன்னழுத்தத்துடன் இறுக்கப்பட்ட கூம்பு உருளை பேரிங்குகள். ஆகையால் தலைமுடி அளவு அசைவுகூட இருக்கக் கூடாது. சுழலும் திசையில் சிறிது இடைவெளி தெரிந்தால் அது பற்களுக்கிடையே இருக்க வேண்டிய பேக்லாஷ். பலர் அதைப் பார்த்தே பேரிங் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கடைசியாக எண்ணெயை வடித்து, பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரலில் தேயுங்கள். சாம்பல் நிறப் பசை போன்ற நுண்துகள் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் செதில்கள் இருந்தால் ஏதோ ஒரு பேரிங்கின் ஓடுபாதை உரியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

சத்தத்தைக் கேட்பதற்காக வண்டியைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓட விடாதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது மீட்டர் காட்டுவதைப் போல இரு மடங்கு வேகத்தில் சுழலும். அந்த நிலையில் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவினால் அருகில் நிற்பவருக்கு உயிராபத்து.

இரும்புக்கரம்

உருளி சொன்ன சோதனைகளில் சக்கர பேரிங் என்று தெரிந்தால் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்கள் ஆக்சில் எந்த வகை என்பதைப் பொறுத்து வேலை மாறும். பேரிங் ஷாஃப்டின் மேல் இறுக்கி ஏற்றப்பட்டு, அதன் பின்னே ஒரு வளையம் காவலாக இருந்தால், பிரஸ் இல்லாமல் முயலாதீர்கள். அந்த வளையத்தைப் பாதி ஆழம் துளையிட்டு உளியால் பிளக்க வேண்டும், உளியோ துளைக்கருவியோ ஷாஃப்டைத் தொட்டால் பின்னாளில் அந்தக் கீறலிலிருந்தே விரிசல் தொடங்கும். ஷாஃப்டை மட்டும் கழற்றி, பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்து ஏற்றிக்கொள்வது நல்லது. உருளைகள் நேராக ஷாஃப்டின் மேலேயே ஓடும் வகையாக இருந்தால், பேரிங் ஓடிய இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள்; நகம் குழியில் தட்டினால் புது பேரிங் போட்டுப் பயனில்லை, ஷாஃப்டையும் மாற்ற வேண்டும்.

எந்த வகையானாலும் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். கூட்டுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தின் மேல் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். ஷாஃப்டின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தின் மேல் மட்டுமே. மாறி அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து ஓடுபாதையில் பள்ளங்களைப் பதிக்கும், புது பேரிங் முதல் நாளே உறுமும். சீலைப் புதிதாகப் போடுங்கள். பிரேக் ஷூவில் எண்ணெய் ஊறியிருந்தால் கழுவிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.

மண்சாலை

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே சோதித்தேன். சக்கரங்களில் ஆட்டம் இல்லை, வளைவுகளிலும் சத்தம் மாறவில்லை. ஆனால் பினியன் ஃபிளாஞ்ச் உள்ளும் புறமுமாகத் தெளிவாக அசைகிறது. பிளக்கில் மெல்லிய செதில்களும் ஒட்டியிருந்தன. பினியன் நட்டைச் சிறிது இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

உருளி

தயவுசெய்து செய்யாதீர்கள். ஆட்டம் வந்ததற்குக் காரணம் நட் தளர்ந்தது மட்டும் என்றால் எண்ணெயில் செதில் வந்திருக்காது. உரிந்த ஓடுபாதையின் மேல் உருளைகளை இன்னும் அழுத்தமாகப் பதிய வைத்தால் சில நாள் சத்தம் அடங்கும். பிறகு சூடேறி பேரிங் சிதையும், பினியன் இடம் பெயர்ந்து கிரவுன் வீலின் பற்களையும் கெடுக்கும். மேலும் பல வண்டிகளில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவே நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. அது ஒரு முறை மட்டுமே சரியான அளவுக்கு நசுங்கும். அளவு மீறி நசுக்கிவிட்டு நட்டைத் தளர்த்தினால் இழந்த நீளம் திரும்பி வராது, புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

முறைப்படி செய்வதானால், கழற்றும் முன்பே டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்து பேக்லாஷைக் கிரவுன் வீலின் பல இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். பல வண்டிகளில் அது 0.13 முதல் 0.20 மி.மீ. வாக்கில் இருக்கும், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி. பக்கவாட்டு பேரிங் மூடிகளை இடம், வலம் என்று குறியிடுங்கள். அவை கூட்டுடன் சேர்த்தே கடையப்பட்டவை, மாற்றிப் போட்டால் பொருந்தாது. ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையங்கள்) பக்கம் மாறாமல் தனித்தனியே கட்டி வையுங்கள். பினியனின் உள் பேரிங்கைப் புல்லரால் எடுத்ததும் அதனடியில் இருக்கும் ஷிம்மைக் கசங்காமல் எடுத்துத் தடிமனை அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுவே நிர்ணயிக்கிறது. பேரிங்கும் அதன் வெளி வளையமும் எப்போதும் சேர்ந்தே மாற வேண்டும்.

பூட்டும்போது நட்டை முறைப்படி இறுக்கினால் மட்டும் போதாது. பினியன் சுழல எவ்வளவு விசை கேட்கிறது என்பதைச் சிறிய அளவுகோல் கொண்ட டார்க் ரெஞ்சால் அளக்க வேண்டும். புது பேரிங்குகளுக்கு 1.7 முதல் 3.4 நியூட்டன் மீட்டர் வரை பரவலாகக் கேட்கப்படுகிறது. நசுங்கும் குழாய் அசையவே 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் தேவைப்படலாம், அது அசையத் தொடங்கியபின் மிகச் சிறிய திருப்பத்திலேயே சுழல் விசை சட்டென ஏறிவிடும். ஆகவே நட்டைக் கொஞ்சம் திருப்பி, பினியனைச் சுழற்றி, அளந்து, மறுபடி திருப்புங்கள். இந்த இடத்தில் பொறுமைதான் முக்கியக் கருவி. இறுதியில் பற்களில் நிறப்பசை பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று பாருங்கள்.

இரும்புக்கரம்

இதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். டயல் கேஜும், சிறிய அளவு காட்டும் டார்க் ரெஞ்சும், பேரிங் புல்லரும் இல்லாதவர் பினியனைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொன்றும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் அமைய வேண்டிய இடம் அது, அங்கே கைத்திட்டம் செல்லாது. உங்கள் டிஃபரன்ஷியல் முன்பக்கமாக முழுதாகக் கழன்று வரும் வகையானால், ஆக்சில் ஷாஃப்டுகளை உருவி, அதை மட்டும் கழற்றி நல்ல பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். கழற்றுவது, கழுவுவது, பூட்டுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கும். பின்பக்க மூடி வகையானால் முழு ஆக்சிலையும் இறக்க வேண்டியிருக்கும், அதற்கு உதவிக்கு ஓர் ஆள் தேவை.

பூட்டும் முன் குழாய்களின் உள்ளே துணி சுற்றிய கம்பியை ஓட்டித் துடைத்துவிடுங்கள். பழைய பேரிங்கின் செதில்கள் அங்கே தங்கிவிட்டால் புது பேரிங்கையும் தின்றுவிடும். அத்துடன் ஆக்சில் கூட்டின் மேலே இருக்கும் காற்றுப்போக்கியைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் சூடான காற்று வெளியேற வழியின்றி எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். நீங்கள் முதலில் குறிப்பிட்ட கசிவுக்கு பினியனின் ஆட்டத்தோடு அதுவும் சேர்ந்து காரணமாக இருக்கலாம்.

மண்சாலை

ஆக்சில் கூட்டைத் துடைத்துப் பார்த்தேன். முன்பக்கமாகக் கழன்று வரும் வகைதான், காற்றுப்போக்கி சேற்றால் முழுக்க அடைத்திருக்கிறது. டிஃபரன்ஷியலைக் கழற்றிப் பட்டறையில் கொடுத்து, பினியன் பேரிங்குகளோடு பக்கவாட்டு பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லப் போகிறேன்.