ஷார்ட்வேவ் மேல்முனை டயலோடு சேரவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐந்து வால்வ் ரேடியோ செட்: இசிஎச்81, இஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇசட்80. மீடியம்வேவில் குறையில்லை, மதுரை வானொலி 1269 டயலில் சரியாக நிற்கிறது. ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸில் நான்கு ஸ்லக்கும் (காயிலுக்குள் திருகும் ஃபெரைட் துண்டு) பீக் ஆகிவிட்டன. ஏஜிசி (சிக்னல் கூடினால் பெருக்கத்தைத் தானே குறைக்கும் அமைப்பு) ஏமாற்றிவிடும் என்பதால் சிக்னல் ஜெனரேட்டரை அடக்கியேதான் வைத்தேன்.

சிக்கல் 6–18 மெகாஹெர்ட்ஸ் பேண்டில். ஆசிலேட்டர் (செட்டுக்குள்ளேயே அலை உண்டாக்கும் பகுதி) காயில் ஸ்லக்கால் 6-ஐ உட்கார வைத்தால், மேலே ட்ரிம்மரை (திருகி மாற்றும் சிறு கெபாசிடர்) முழுக்கத் திறந்தும் டயல் 18-ல் 17.2 தான் கேட்கிறது. இமேஜில் (ஐ.எஃப்.-ஐப் போல் இருமடங்கு தள்ளிக் கேட்கும் போலி சிக்னல்) மாட்டவில்லை: முள்ளை நகர்த்தாமல் ஜெனரேட்டரை 910 கிலோஹெர்ட்ஸ் ஏற்றினால் 18.11-ல் மங்கலாக மறுபடி கேட்கிறது. ஆக, ஆசிலேட்டர் சிக்னலுக்கு மேலேதான் ஓடுகிறது. மேல்முனையில் கெபாசிடன்ஸ்தான் சுமார் 9 சதவீதம் கூடுதல். மொத்தம் 50 பிஎஃப் (பிகோஃபாரட்) என்று வைத்தால் நாலைந்து பிஎஃப். ஆசிலேஷனும் பலவீனமில்லை. ஆசிலேட்டர் கிரிட்டின் 47கே ரெசிஸ்டரில் 18 முனையில் 9 வோல்ட், 6 முனையில் 6.

ஸ்லக்கை வெளியே எடுக்கச் சொல்லாதீர்கள், 6 முனை ஓடிவிடும். (ஸ்லக் திருப்ப மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்வதே நல்லது, இரும்பு ஸ்க்ரூடிரைவர் ட்யூனிங்கையும் இழுக்கும், ஃபெரைட்டையும் உடைக்கும்.)

கேள்வி இதுதான்: பேண்ட் ஸ்விட்சிலிருந்து போகும் வயர் சேஸிஸை ஒட்டிக் கிடப்பது மட்டுமே இவ்வளவு சேர்க்குமா, பழைய மைக்கா ட்ரிம்மரின் குறைந்தபட்ச அளவே ஏறியிருக்குமா? மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் 3–30 பிஎஃப் ஏர் ட்ரிம்மர் இப்போதும் கிடைக்கிறதா?