கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களுக்கு விளம்பரக் காசு: என் 500 டாலரை எங்கே அனுப்புவது?

லப்பக் வாசி

வணக்கம் நண்பர்களே. லப்பக் ஊரில் இருக்கும் டெக்ஸஸ் டெக் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவன், இப்போது ஃபிரிஸ்கோவில் வேலை. வருஷா வருஷம் பொறியியல் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் நிதிக்கு 500 டாலர் அனுப்புவேன். டெக்ஸஸில் படித்தவர்களுக்குக் காரணம் சொல்லாமலே புரியும்: 1,000 டாலர் போட்டி ஸ்காலர்ஷிப் ஒன்று கிடைத்துவிட்டால் வெளிமாநிலக் கட்டணம் போய் உள்ளூர்க் கட்டணம் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது. ஆயிரம் டாலரை எவரோ கொடுத்ததால் நான் அதைப்போலப் பல மடங்கு கடன் வாங்காமல் தப்பித்தேன்.

இப்போது எங்கள் பழைய ரூம்மேட்கள் வாட்ஸ்அப் குழுவில் இது பெரிய சண்டையாகிவிட்டது. ஒருவன் சொல்கிறான், "அந்த 500-ஐ ஸ்போர்ட்ஸ் பக்கம் திருப்பு. டெக் என்று ஒரு கல்லூரி இருப்பதே 2025-இல்தான் நாட்டுக்குத் தெரிந்தது." அவன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் டெக் ஃபுட்பால் என்றால் முதல் உதைக்கு டோர்டியா (மெக்ஸிகன் சப்பாத்தி) வீசுவதுதான் நினைவு. பையன்கள் சட்டைக்குள்ளும் பெண்கள் பூட்ஸுக்குள்ளும் மடித்துக் கொண்டுவருவார்கள். ஸ்டேடியத்தில் காற்று அடிக்கிற அடியில் பாதி நம் தலையிலேயே விழும். கோப்பை பற்றி யாரும் பேசியதில்லை. 2025-இல் முதன்முறையாக பிக் 12 (டெக் ஆடும் கல்லூரி லீக்) பட்டம், இறுதியில் பிஒய்யூ அணியை 34-7 என்று வென்றது. தேசியப் பட்டத்துக்கான பிளே ஆஃபில் ஆரிகானிடம் 23-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

இதெல்லாம் கோடி கேம்பல் என்ற எண்ணெய்த் தொழில் பணக்காரரின் காசு என்பது ஊரறிந்த ரகசியம். அவரே டெக்கில் ஆடியவர். 2022-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய மெட்டடோர் கிளப் 100 ஃபுட்பால் வீரர்களுக்குத் தலைக்கு வருஷம் 25,000 டாலர் ஒப்பந்தம் என்று அறிவித்தது. சாஃப்ட்பால் பந்துவீச்சாளர் நைஜாரி கனடியை ஸ்டான்ஃபோர்டிலிருந்து கூட்டிவந்த தொகை 10,50,024 டாலர். பத்து லட்சம் ஒப்பந்தம், 50,000 வீட்டுச் செலவு, கடைசி 24 அவருடைய ஜெர்சி எண்ணுக்கு! அடுத்த சீசனிலேயே டெக் முதன்முறையாகப் பெண்கள் கல்லூரி உலகத் தொடருக்கு (சாஃப்ட்பால் தேசியப் போட்டி) போய் இறுதி ஆட்டம் வரை வந்தது.

என் சந்தேகம் இதுதான். இப்படி வீரர்களுக்குப் போவதை விளம்பரக் காசு என்கிறார்கள், ஆனால் கனடி எந்த சோப்புக்கு நடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இது நிஜமாகவே விளம்பரமா, நன்கொடையா, சம்பளமா? இப்படிக் கொட்டினால் போட்டி நன்றாகிறதா, கெட்டுப்போகிறதா? பணக்காரர் ஒருவர் கொட்டும் இடத்தில் என் 500-க்கு என்ன வேலை?

---

கணக்குப்பிள்ளை

மத்திய மேற்கில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் நன்கொடைக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பெயர் வேண்டாம். உங்கள் முதல் கேள்விதான் சரியான கேள்வி, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நிஜ விளம்பரமும் உண்டு. நெப்ராஸ்கா அணியில் சேர்ந்த ஒரு பையனின் பெயரே டிகோல்டஸ்ட் ('ரொம்பக் குளிர்ந்தவன்') கிராஃபோர்ட். ஒமாஹாவில் ஒரு ஏசி கம்பெனி அவரைப் பிடித்து விளம்பரம் எடுத்தது. டெக்ஸஸின் பிஜான் ராபின்சன் தன் பெயரில் கடுகு சாஸ் விற்றார். 2021 ஜூலை 1-ஆம் தேதி கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ இதற்குக் கதவைத் திறந்தபோது எல்லோரும் எதிர்பார்த்தது இந்த மாதிரிதான். பெயர், படம், அடையாளம் ஆகியவை ஆட்டக்காரனுக்கே சொந்தம், அதை வைத்து அவன் சம்பாதிக்கட்டும் என்பது நியாயமான பேச்சு. அதற்குப் பத்து நாள் முன்புதான், வீரர்களுக்கான கல்விச் சலுகை வரம்பு பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

ஆனால் பெரும்பணம் கடைக்காரரிடமிருந்து வரவில்லை, ரசிகரிடமிருந்து வந்தது. பழைய மாணவர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்று ஒன்றைத் தொடங்குவார்கள், அதில் காசு போடுவார்கள், அது வீரரிடம் ஒப்பந்தம் போடும். பதிலுக்கு அவர் ஒரு விழாவுக்கு வந்து கையெழுத்துப் போடுவார், அல்லது அனாதை இல்லத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார். காகிதத்தில் விளம்பரம். உண்மையில் நன்கொடையாளர் கொடுக்கும் சம்பளம். சில கலெக்டிவ்கள் தர்ம ஸ்தாபனம் என்று பதிவு செய்து வரிவிலக்கும் கொடுத்தன; 2023 ஜூனில் அமெரிக்க வரித்துறை ஐஆர்எஸ் ஒரு குறிப்பு வெளியிட்டது, இவற்றில் பலவும் பொதுநலத்துக்கு அல்ல, வீரர்களின் சொந்த லாபத்துக்கே நடக்கின்றன என்று. அதோடு அந்த வழி சுருங்கியது.

நன்கொடை விஷயத்தில் எங்கள் அலுவலகத்தில் பார்ப்பதைச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரு ஃபுட்பால் ரசிகரிடம் நாங்கள் கேட்பது இரண்டே: ஸ்டேடியத்தில் சீட் பிடிக்கக் கொடுக்கும் கட்டாய நன்கொடை, கட்டட நிதி. இப்போது அதே ஆளிடம் மூன்றாவதாக வீரர்களுக்கும் கேட்கிறார்கள். பாக்கெட் ஒன்றுதான். பெரும் பணக்காரர் மூன்றும் கொடுப்பார். கேம்பல் 2021-இல் ஸ்டேடியத்துக்கே 2.5 கோடி டாலர் கொடுத்தவர், அவருக்கு வலிக்காது. பல் டாக்டர், கார் டீலர் மாதிரி நடுத்தரக்காரர்தான் ஒன்றைக் கொடுத்து ஒன்றை நிறுத்துகிறார். நிறுத்துவது பெரும்பாலும் கட்டடத்தை. "இந்த சீசன் ஜெயிக்கணும் சார், லாக்கர் ரூம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒருவர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. லாக்கர் ரூமில் முன்பு நீர்வீழ்ச்சி வைத்துக் கட்டியதும் பையன்களை இழுக்கத்தானே! அந்தக் காசு நேராகப் பையன் கைக்குப் போவதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒன்றும் இல்லை.

இப்போது இன்னொரு மாற்றம். 2025 ஜூன் 6-இல், வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். அதோடு ஒவ்வொரு கல்லூரியும் தானே வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும், அது நிஜ வியாபாரமா, தொகை நியாயமா என்று பார்ப்பார்கள். வீரர் சம்பளம் கல்லூரி பட்ஜெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதை நிரப்ப ஸ்போர்ட்ஸ் பிரிவு உங்களைத்தான் கூப்பிடும். டென்னஸி 2025 சீசன் டிக்கெட்டில் 10 சதவீதம் 'டேலண்ட் ஃபீ' என்றே போட்டது. ஒளிவுமறைவு இல்லை, அந்த அளவில் பாராட்டலாம்.

---

வெட்டிப்பேச்சு வேலு

ஹூஸ்டனிலிருந்து ஒரு டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆள் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

காசு கொட்டினால் கோப்பை வரும் என்பவர்கள் எங்களைப் பார்க்கட்டும். 2022-இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்த புதுமுகப் பட்டியல் எங்களுடையது. அலபாமாவின் அப்போதைய கோச் நிக் சேபன் மேடையிலேயே, ஏ அண்ட் எம் ஒவ்வொரு ஆளையும் விலைக்கு வாங்கியது என்றார். எங்கள் கோச் ஜிம்போ ஃபிஷர் பதிலுக்கு ஆவேசமாகக் கத்தினார். அந்த சீசன் முடிவு? 5 வெற்றி, 7 தோல்வி. மறு வருஷம் ஃபிஷரையே அனுப்பினோம், வீட்டுக்குப் போக அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். எல்லாம் நன்கொடையாளர் தயவு. அந்தப் பட்டியலில் வந்த பையன்களில் பாதிக்கு மேல் வேறு கல்லூரிக்குப் பறந்துவிட்டார்கள்.

அந்தப் பக்கம் இண்டியானாவைப் பாருங்கள். நூறு வருஷத் தோல்வி வரலாறு. 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. கோச் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார், கூடவே தன் பழைய ஆட்களில் பலரையும் கூட்டி வந்தார். இரண்டாவது சீசனில் 16-0, தேசியப் பட்டம். கோடீஸ்வரர் மார்க் கியூபன் போன்ற பழைய மாணவர் காசும் உண்டுதான். ஆனால் அதைவிட அதிகமாகச் செலவழித்துவிட்டுத் தோற்றவர்களும் உண்டு.

என் கணக்கில், பழைய நாட்களில் மேலே உட்கார்ந்திருந்த நான்கைந்து பேரின் பிடி தளர்ந்தது. இப்போது ஒரு எண்ணெய்க்காரரோ ஒரு நல்ல கோச்சோ இருந்தால் புது ஆள் மேலே வரலாம். ஆனால் பிக் 12, எஸ்இசி மாதிரிப் பெரிய லீக்குகளுக்கு வெளியே இருப்பவனுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அவன் இரண்டு வருஷம் வளர்த்த பையனை மூன்றாம் வருஷம் பெரியவன் தூக்கிக்கொண்டு போவான். முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்று விதி வந்தது. விளம்பரக் காசைவிட இந்த விதிதான் போட்டியை அதிகம் புரட்டியது என்பேன்.

---

நீச்சல் அம்மா

எல்லோரும் ஃபுட்பாலே பேசுகிறீர்கள். கலிஃபோர்னியாவில் என் மகன் பதினோராம் வகுப்பு, காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்குகிறவன். அவனோடு மெயிலில் பேசிக்கொண்டிருந்த ஒரு கோச் போன வசந்தத்தில் எழுதினார்: "எங்கள் அணியில் இனி இடம் குறைவு, வேறு கல்லூரிகளையும் பார்த்துக்கொள்." அவ்வளவுதான்.

ஹவுஸ் சமரசத்தில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணியில் மொத்தம் இத்தனை பேர் என்ற வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு 105. நீச்சலுக்கு தேசிய அளவில் 30, எஸ்இசி லீக் ஆண்களுக்கு அதை 22 ஆக்கிக்கொண்டது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆசைக்குச் சேரும் பையன்கள் முதலில் வெளியே. 2025 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியையே மூடியது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் அதே மாதம் மார்ச் மேட்னஸ் என்ற தேசியக் கூடைப்பந்துத் தொடரில் ஆடிவிட்டு, மூன்றாம் நிலையான டிவிஷன் 3-க்கு இறங்கப்போவதாக அறிவித்தது. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

ஹவுஸ் இழப்பீட்டுப் பணம் எப்படிப் பிரிகிறது தெரியுமா? ஃபுட்பாலுக்குச் சுமார் 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 5. புதுச் சம்பளத்தையும் பல கல்லூரிகள் ஏறக்குறைய இதே கணக்கில்தான் பிரிக்கின்றன. அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் வீரர்களில் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிக் குளங்களில் வளர்ந்தவர்கள். லப்பக் வாசி அண்ணா, ஸ்போர்ட்ஸுக்குத்தான் கொடுப்பேன் என்றால் ஒரு சின்ன விளையாட்டின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

---

லப்பக் வாசி

அருமையான பதில்கள், நன்றி. நீச்சல் அம்மா சொன்னதை நான் யோசித்ததே இல்லை. ஒரு சின்னச் சந்தேகம்: ஸ்போர்ட்ஸுக்குக் கொடுத்தால் கல்லூரிக்கே விண்ணப்பம் பெருகும், பெயர் வரும் என்கிறானே என் நண்பன், அதில் உண்மை உண்டா? என் கம்பெனி என் நன்கொடைக்குச் சமமாக இன்னொரு பங்கு போடும், அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

---

டென்னிஸ் சித்தப்பா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்தக் காசு நம் பிள்ளைகளுக்கு வருமா என்று இங்கே யாரும் கேட்கவில்லையே.

என் அண்ணன் மகள் சென்னையிலிருந்து டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் வந்து இங்கே படிக்கிறாள். ஊரில் ஒரு இந்திய ரெஸ்டாரண்ட்காரர் அவளை வைத்து ஒரு போஸ்டரும் இரண்டு இன்ஸ்டாகிராம் வீடியோவும் எடுக்க ஆசைப்பட்டார். பெரிய தொகை இல்லை, மாதச் சாப்பாட்டுக்கு ஆகும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டாள். "எஃப்-1 விசாவில் இருக்கிறாய், அது வேலை என்று எடுத்துக்கொண்டால் உன் ஸ்டேட்டஸே போய்விடும்" என்று சொல்லிவிட்டார்கள். கூட ஆடும் அமெரிக்கப் பெண் அதே கடையில் போஸ்டரில் சிரிக்கிறாள்.

பர்டூ பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஜாக் ஈடி, 7 அடி 4 அங்குலம், இரண்டு முறை ஆண்டின் சிறந்த வீரர். கனடாக்காரர் என்பதால் அவருக்கும் இதே தலைவலி. கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷீப்வே, காங்கோ நாட்டவர், 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே மண்ணில் நின்று விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார், அமெரிக்க எல்லைக்கு வெளியே என்பதால். எங்கள் பெண்ணின் டென்னிஸ் அணியை யார் பஹாமாஸ் கூட்டிப்போவார்கள்? அணிக்கு வேனே வாடகை வேன்.

டென்னிஸ், கோல்ஃப், நீச்சல், ஓட்டம் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறைய ஆடும் விளையாட்டுகளில் இது போட்டியையும் பாதிக்கும். ஒரே அணியில் ஒருத்திக்குக் கை நிறைய, ஒருத்திக்குச் சட்டப்படி பூஜ்யம்.

---

கணக்குப்பிள்ளை

லப்பக் வாசி, உங்கள் நண்பர் முழுக்கத் தவறில்லை. பெர்க்லி பொருளியல் பேராசிரியர் மைக்கேல் ஆண்டர்சன் இதை ஆராய்ந்திருக்கிறார்: எதிர்பார்ப்பை மீறி ஃபுட்பாலில் வெல்லும் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடுகின்றன, நன்கொடையும் கூடுகிறது. ஆனால் அந்த நன்கொடை ஸ்போர்ட்ஸ் பிரிவுக்குப் போவது. உங்கள் பழைய ஆய்வகத்துக்கு அது வழிந்து வரும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

உங்கள் 500-க்கு வருவோம். 2.05 கோடியில் அது தெரியவே தெரியாது. ஒரு முன்வரிசை ஃபுட்பால் வீரரின் காலை உணவுக்குப் போகும். அதே 500 உங்கள் கம்பெனி பங்கோடு சேர்ந்தால் 1,000. நீங்கள் முதல் பத்தியில் சொன்ன அந்த ஆயிரம்தான். எந்த இடத்தில் எடை அதிகம் என்று நீங்களே பாருங்கள்.

நடைமுறை விஷயம் சில. ஆன்லைன் படிவத்தில் 'எந்த நிதிக்கு' என்ற பெட்டியைக் காலியாக விடாதீர்கள். விட்டால் பொது நிதிக்குப் போகும். ஸ்காலர்ஷிப் நிதியின் முழுப் பெயரை எழுதுங்கள். அப்படி எழுதிக் கொடுத்த பணத்தை ஃபுட்பால் பக்கம் திருப்ப எவருக்கும் அதிகாரம் இல்லை, தணிக்கையில் மாட்டுவார்கள். சீட்டு உரிமைக்காகக் கொடுக்கும் நன்கொடைக்கு முன்பு 80 சதவீதம் வரிக்கழிவு இருந்தது, 2018 முதல் அதுவும் இல்லை. டிக்கெட்டோ சீட்டோ கிடைக்கிற நன்கொடைக்குப் பங்கு போடப் பல கம்பெனிகள் மறுக்கும், உங்கள் எச்ஆர் தளத்தில் விதியைப் பார்த்துவிடுங்கள்.

கலெக்டிவுக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று ஆசை இருந்தால் அதைப் பொழுதுபோக்குச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள், சினிமா டிக்கெட் வாங்குகிற மாதிரி. வரிப் படிவத்தில் மட்டும் காட்டாதீர்கள். மேட்ச்சுக்குப் போனால் வேலுவை உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள், ஏ அண்ட் எம் ஆள் மேல் டோர்டியா விழுந்தால் யாரும் அபராதம் கேட்க மாட்டார்கள்.