புதுப்பிப்பு: மார்சாஷ்லொக் போய் வந்தாச்சு

மால்டாவின் மீனவ ஊரான மார்சாஷ்லொக்கில் இரண்டு இரவு தங்கலாமா, தலைநகர் வலேட்டாவிலிருந்து ஒரு பகல் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையைப் பார்த்துட்டுத் திரும்பிடுங்க" என்றீர்கள் பலர். நான் கேட்கவில்லை; சனி, ஞாயிறு இரவுகள் தங்கினேன்.

ஞாயிறு காலை கால் வைக்க இடமில்லை. மீனைவிட மேசைவிரிப்புக் கடைகள்தான் அதிகம். திங்கள் விடிகாலையில்தான் ஊர் ஊராக இருந்தது: வலை பிரிக்கும் பெரியவர்கள், மஞ்சளும் நீலமும் சிவப்புமாய் 'லுட்சு' எனும் மால்டாவின் பாரம்பரிய மீன்பிடிப் படகுகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு கண்கள். பழங்காலக் கடலோடிகளான பினீசியர் காலத்து வழக்கம் என்கிறார்கள்.

அக்டோபர் என்பதால் லம்புக்கி மீன் கிடைத்தது. பனையோலை கட்டிய மிதவைகளைக் கடலில் விட்டு, நிழலுக்கு ஒதுங்கும் மீனை வலையால் வளைக்கிறார்கள். தக்காளி, கேப்பர் (ஊறவைத்த ஒருவகைப் பூமொட்டு) போட்டுச் சமைத்திருந்தார்கள். அருமை, காரம்தான் துளியும் இல்லை.

கடற்கரை பற்றிக் கேட்டவருக்கு: இங்கே மணல் கிடையாது. குளிக்க செயின்ட் பீட்டர்ஸ் பூல் பாறைகளுக்கு நடக்க வேண்டும். வழியில் நிழலே இல்லை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மணல்தான் வேண்டுமென்றால் பக்கத்து ஊரான பிர்செபுஜாவுக்குப் போகலாம். துறைமுகத்துக்கு எதிரே மின்நிலையமும் நிற்கிறது. படங்களில் அதை வெட்டிவிடுகிறார்கள், நானும்தான்!